சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் மழையோ பனியோ பிடித்துவிட்டால் லேப் வாசலில் ஒரே கேள்விதான்: "ரத்தம் எடுத்துப் பார்த்தா என்ன வைரஸ்னு தெரிஞ்சிடுமா?" சில நோய்களுக்குத் தெரியும். பலவற்றுக்குத் தெரியாது. எப்போது பலன் உண்டு, எப்போது காசும் நாளும் வீண் என்பதை நோயாளிகளுக்கும், ரத்தம் எடுக்கும் நர்ஸ்களுக்கும், லேப் டெக்னீஷியன்களுக்கும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

ஆன்டிபாடி பரிசோதனை எதைப் பார்க்கிறது?

வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸ் வந்ததைக் கண்டு உடம்பு தயாரிக்கும் புரதத்தைப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்தது இதுதான். ஐஜிஎம் என்ற வகை முதலில் வரும்; பெரும்பாலும் நோய் தொடங்கி 5 நாளிலிருந்து 10 நாளுக்குள். ஐஜிஜி அதற்குப் பிறகு, ஏறத்தாழ 10 நாள் முதல் 14 நாளில் தலைகாட்டி, 3 அல்லது 4 வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஐஜிஎம் சில வாரங்களில் இறங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் தங்கும்.

ஃப்ளூ காய்ச்சலோ 5 நாள், 7 நாளில் இறங்கிவிடும். அதாவது ஆன்டிபாடி ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும்போது நோயாளி கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்திருப்பார். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு இடைவெளியால் வருபவை.

காய்ச்சல் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ரத்தம் கொடுத்தால் ஃப்ளூவா, கோவிட்டா என்று தெரியுமா?

தெரியாது. இரண்டாம் நாள் ரத்தத்தில் நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பாசிட்டிவ் வந்தால் அது பழைய தொற்றாகவோ தடுப்பூசியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கோவிட் ஆன்டிபாடி பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு: நோய் தொடங்கிய முதல் வாரத்தில் 100 நோயாளிகளில் சுமார் 30 பேரைத்தான் ரத்தப் பரிசோதனை பிடித்தது. இரண்டாம் வாரத்தில் 72, மூன்றாம் வாரத்தில் 91.

இரண்டாம் நாளில் வேண்டியது மூக்கு அல்லது தொண்டைச் சளி மாதிரி. அதில் ஆர்டி-பிசிஆர் போட்டால் வைரஸின் மரபணுவே தெரியும். ஃப்ளூவுக்கு, சளியில் வைரஸின் புரதத்தைத் தேடும் ரேபிட் ஆன்டிஜென் கார்டும் இருக்கிறது. அதில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் ஃப்ளூ இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் அது கணிசமான நோயாளிகளைத் தவறவிடும். ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர் என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் டாக்டர் தொடங்கிவிடுவார். அதுதான் சரி.

மூக்கில் குச்சி விடுவதற்குப் பயமாக இருக்கிறது. ரத்தம் எடுத்தால் போதாதா?

பயம் நியாயமானது, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. குச்சி போக வேண்டிய தூரம் மூக்குத் துவாரத்திலிருந்து காது வரை உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி. மேல்நோக்கிக் குத்தினால்தான் வலிக்கும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, அண்ணத்துக்கு இணையாக நேராக உள்ளே விட்டால் கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். சில விநாடி மெல்லச் சுழற்றி எடுத்து, வைரஸ் கடத்து ஊடகம் (வைரஸைக் கெடாமல் வைக்கும் திரவம்) உள்ள குழாயில் போட்டு, 2 முதல் 8 டிகிரி குளிரில் 72 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று இருக்கிறது. இப்போது இருக்கும் இருமலுக்கு அதுதானே காரணம்?

இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐஜிஎம் பொய்யாகப் பாசிட்டிவ் வரப் பல வழிகள் இருக்கின்றன. மூட்டுவாத நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள ருமடாய்டு ஃபேக்டர் ஐஜிஜி-யின் மேல் ஏறிக்கொண்டு, தேடும் ஐஜிஎம் போலவே கிட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நல்ல கிட்டுகளில் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் மஞ்சள் நீர்) முதலில் ஐஜிஜி-யை நீக்கும் திரவத்தோடு கலக்கச் சொல்வார்கள். நேரம் மிச்சம் பிடிக்க அந்தப் படியைத் தாண்டினால் தவறு அங்கேயே நுழைந்துவிடும். உறவுக்கார வைரஸ்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. ஃப்ளூ நமக்குச் சிறுவயதிலிருந்தே பலமுறை வந்து போனது. பெரியவர்களுக்கு அது திரும்ப வரும்போது உடம்பு பழைய ஞாபகத்தில் நேராக ஐஜிஜி-யைத்தான் கூட்டும்; ஐஜிஎம் ஏறாமலே போகலாம். ஆக, பெரியவருக்கு ஃப்ளூ ஐஜிஎம் நெகட்டிவ் என்பது எதையும் விலக்காது.

ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால், என்றோ ஒருநாள் தொற்று வந்திருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார். ஃப்ளூ, ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் தரும் வைரஸ்), அடினோ போன்ற சளி வைரஸ்களுக்குப் பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் இது பாசிட்டிவ்தான். ரிப்போர்ட்டில் வரும் அளவு எண், அதாவது இண்டெக்ஸ், 0.9 முதல் 1.1 வரை என்று வந்தால் பெரும்பாலான கிட்டுகளில் அது இரண்டுங்கெட்டான் நிலை. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கிட்டுக்குக் கிட்டு இந்த எல்லை மாறும், ரிப்போர்ட்டின் வலப்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

ஒன்பது கிருமிகளுக்கு ஒரே ரத்தத்தில் பார்க்கும் பேனல் எடுத்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடாதா?

பெரும்பாலும் குழப்பம்தான் கூடும். லெஜியோனெல்லா, மைக்கோபிளாஸ்மா, க்யூ காய்ச்சல், கிளமிடோஃபிலா, அடினோ, ஆர்எஸ்வி, இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) ஏ, பி, பாராஇன்ஃப்ளுயன்சா என்று ஒரே ஸ்லைடில் ஒன்பது கட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் நோய் இல்லாத 100 பேரில் 95 பேருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பதும் தனித்தனியாகத் தவறக்கூடியவை என்றால், அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லாத ஒருவருக்கு ஒன்பது கட்டமும் நெகட்டிவ் வரும் வாய்ப்பு 63 சதவீதம்தான். மீதி 37 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டம் பொய்யாகப் பளபளக்கும். ஒரே ஆளுக்கு மூன்று, நான்கு கிருமிகள் பாசிட்டிவ் என்று வரும் ரிப்போர்ட்டுகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பேனலில் உள்ள மைக்கோபிளாஸ்மா, கிளமிடோஃபிலா, லெஜியோனெல்லா, க்யூ காய்ச்சல் ஆகியவை வைரஸே அல்ல, பாக்டீரியா. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் உண்டு என்பதால் டாக்டர் குறிப்பிட்டு ஒன்றைச் சந்தேகித்துக் கேட்டால் அதற்கு மதிப்பு இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பார்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கேட்கிறார்களே, ஏன்?

ஆன்டிபாடி வழியாகச் சுவாச வைரஸை உறுதியாகச் சொல்ல இருக்கும் நம்பகமான வழி அதுதான். முதல் ரத்தம் நோயின் முதல் 7 நாளுக்குள், முடிந்தால் முதல் 3 நாளிலேயே. இரண்டாவது, முதல் ரத்தத்துக்கு 2 முதல் 4 வாரம் கழித்து. இரண்டிலும் உள்ள அளவை ஒப்பிட்டு, நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் அந்த வைரஸ்தான் இப்போது வந்து போனது என்று சொல்லலாம்.

நான்கு மடங்கு என்பதை ஃப்ளூவுக்கான பழைய ஹெச்ஐ பரிசோதனையை (வைரஸ் சிவப்பணுக்களைப் பின்னுவதை ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்ப்பது) வைத்துச் சொன்னால் விளங்கும். சீரத்தை முதலில் ஒரு நொதியோடு 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். ரத்தத்தில் இயல்பாகவே உள்ள, பொய்யான முடிவு தரும் பொருட்களை ஒழிக்கத்தான் இது. பிறகு அடி கூம்பிய குழிகள் உள்ள தட்டில் 10இல் ஒன்று, 20இல் ஒன்று, 40இல் ஒன்று என்று ஒவ்வொரு குழியிலும் சீரத்தைப் பாதிப்பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு வைரஸ், கடைசியில் கோழி அல்லது வான்கோழியின் சிவப்பணுக்கள். ஆன்டிபாடி போதுமான அளவு இருக்கும் குழியில் வைரஸ் கட்டுண்டுவிடும். சிவப்பணுக்கள் அடியில் ஒரு சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும். தட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்த்துளி போல வழியும். ஆன்டிபாடி போதாத குழியில் வைரஸ் சிவப்பணுக்களைப் பின்னி வலைபோல் விரித்துவைக்கும், சாய்த்தாலும் அசையாது. கடைசியாகப் பொட்டு வழிந்த குழி எதுவோ அதுதான் டைட்டர்.

முதல் ரத்தம் 20, இரண்டாவது 80 என்றால் நான்கு மடங்கு. 20லிருந்து 40 ஆனது என்றால் ஒரு குழி வித்தியாசம், அது கைத்தவறாகவும் இருக்கலாம். இதனால்தான் இரண்டு ரத்தத்தையும் ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே ஆள் செய்ய வேண்டும். முதல் ரத்தத்தை ஒரு லேபிலும் இரண்டாவதை இன்னொரு லேபிலும் கொடுத்துவிட்டு எண்களை ஒப்பிடுவது பயனில்லாத வேலை. முதல் சீரத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்துவார்களா என்று கொடுக்கும்போதே கேளுங்கள்.

இந்தப் பரிசோதனைக்கும் நம் மலைக்கும் பழைய உறவு உண்டு. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில்தான் இந்திய அரசின் இன்ஃப்ளுயன்சா மையம் இருந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னையில் இறங்கிய ஆசிய ஃப்ளூவை இந்தியாவில் ஆராய்ந்ததில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு. சிம்ஸ் பார்க் பக்கம் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கத் தகுந்த காரணம் இது.

முடிவு வரும்போது நோயாளி குணமாகி மூன்று வாரம் ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, இது சிகிச்சைக்கு உதவாது. ஒரு பள்ளி விடுதியிலோ தோட்டத்து லைன் வீடுகளிலோ பலருக்கு ஒரே சமயம் காய்ச்சல் வந்து, சளி மாதிரி எடுக்கும் நாட்கள் கடந்துபோன நிலையில், வந்தது என்ன என்று அறியத்தான் இது உதவும்.

லேபில் என்ன தகவல் சொல்ல வேண்டும்?

காய்ச்சல் தொடங்கிய தேதி. ரத்தம் எடுத்த தேதியைக் குழாயிலேயே எழுதிவிடுவார்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை யாரும் கேட்பதில்லை. அது இல்லாத ஆன்டிபாடி ரிப்போர்ட்டை அனுபவமுள்ள எந்த டாக்டராலும் சரியாகப் படிக்க முடியாது. "போன வாரம்" என்று சொல்லாதீர்கள். சந்தை நாளா, சம்பள நாளா, எதை வைத்தாவது கணக்குப் பார்த்துத் தேதியாகச் சொல்லுங்கள்.

அடுத்து, ஃப்ளூ, கோவிட், அம்மைத் தடுப்பூசி போட்ட மாதம். ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் அது; மற்றவர் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் மருந்து என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், இவர்களுக்கு நோய் இருந்தும் ஆன்டிபாடி ஏறாமல் இருக்கலாம். முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரையையும் சொல்லுங்கள். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று எடுப்பவர்களுக்குச் சில இயந்திரப் பரிசோதனைகளில் முடிவே புரண்டுவிடும். இரண்டு, மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுப்பது நல்லது.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம். சூடாக ஒரு டீ குடித்துவிட்டே வாருங்கள். கை சில்லிட்டிருந்தால் நரம்பு சுருங்கி ரத்தம் சொட்டுச் சொட்டாக வரும். அப்படி இழுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும், மாதிரி வீணாகும். ஊட்டிக் காலையில் முழங்கை வரை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான துணி சுற்றிவைத்தாலே நரம்பு எழும்பிவிடும்.

மலைக் குளிரில் ரத்தத்தையும் சீரத்தையும் எப்படிக் கையாள வேண்டும்? (நர்ஸ், லேப் ஊழியர்களுக்கு)

பெரியவருக்கு 5 மில்லி, கைக்குழந்தைக்கு 1 முதல் 2 மில்லி, சிவப்பு மூடி அல்லது ஜெல் உள்ள மஞ்சள் மூடிக் குழாய். கைக்கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜெல் குழாயை ஐந்தாறு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம்.

அடுத்து, குழாயில் ரத்தம் கட்டியாக உறைய விடுவது. 30 முதல் 60 நிமிடம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் அது 20 முதல் 25 டிகிரி அறைக்கு எழுதியது. ஜனவரியில் ஊட்டியில் ஹீட்டர் இல்லாத அறை 12 டிகிரியில் இருக்கும். அங்கே 30 நிமிடத்தில் உறைவு பாதியில் நிற்கும். அவசரப்பட்டுச் சென்ட்ரிஃப்யூஜில் போட்டால் சீரத்துக்குள் ஜவ்வு போல நார் மிதக்கும், அந்த நார் இயந்திரத்தின் ஊசியை அடைக்கும். குழாயைச் சாய்த்துப் பார்த்து உறைவு கட்டியாக நின்ற பிறகே சுற்றுங்கள்: 1,000 முதல் 1,500 ஜி விசை, 10 நிமிடம். ஆர்பிஎம் எவ்வளவு என்பது ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தது, உங்கள் இயந்திரத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு மூடியில் ஒட்டிவையுங்கள்.

பிரிக்காத ரத்தத்தை மலைப் பாதையில் அனுப்பாதீர்கள். கல்லட்டியில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். குலுங்கிக் குலுங்கி அணுக்கள் உடைந்துவிடும். பந்தலூர், மஞ்சூர், மசினகுடி எங்கிருந்தானாலும் சீரத்தைப் பிரித்துத் தனிக் குழாயில் மூடி, நிமிர்ந்த நிலையில் அனுப்புங்கள். ஐஸ் பேக் குழாயை நேரடியாகத் தொடக் கூடாது, நடுவே துணியோ அட்டையோ இருக்கட்டும். உறைபனி விழும் இரவில் மாதிரிப் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவதும் ஃப்ரீசரில் வைப்பதும் ஒன்றுதான். பிரிக்காத ரத்தம் பனிக்கட்டியாகி இளகினால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சீரம் 2 முதல் 8 டிகிரியில் ஒரு வாரம் வரை தாங்கும், கிட்டின் குறிப்பில் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. அதற்கு மேல் மைனஸ் 20. வீட்டு ஃப்ரிட்ஜின் தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம். பனியை நீக்க அது அவ்வப்போது தன்னையே சூடாக்கிக்கொள்ளும், சீரம் ஒவ்வொரு முறையும் சற்று இளகும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்களிலும் இதே பிரச்சனை. ஒரே சீரத்தை இரண்டு மூன்று சிறு குழாய்களாகப் பிரித்து வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

எலைசா (தட்டில் ஏறும் நிறத்தை வைத்து ஆன்டிபாடியை அளக்கும் முறை) செய்யும்போது குளிரின் தொல்லை இன்னும் நுட்பமாக வரும். கிட்டை வெளியே எடுத்து 30 நிமிடம் வைக்கச் சொல்வது 20 டிகிரிக்கு மேல் வரட்டும் என்பதற்காக. 12 டிகிரி அறையில் அரை மணி நேரம் வைத்தால் அது இன்னும் குளிர்ந்தேதான் இருக்கும். நேரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். கடைசியில் ஊற்றும் நிறத் திரவம் குளிர்ந்திருந்தால் நீலம் மெதுவாகத்தான் ஏறும். அமிலம் ஊற்றி மஞ்சளாக்கி 450 நானோமீட்டரில் படித்தால் எண்கள் எல்லாமே குறைவாக வரும், எல்லைக்கோட்டில் நின்ற பாசிட்டிவ்கள் நெகட்டிவ் பக்கம் சரிந்துவிடும். பாசிட்டிவ் கன்ட்ரோல் குறிப்பிட்ட அளவை எட்டவில்லை என்றால் அந்தத் தட்டு முழுவதும் செல்லாது. ரூம் ஹீட்டருக்குப் பக்கத்தில் தட்டை வைப்பதும் தீர்வல்ல: ஹீட்டரைப் பார்த்த ஓரக் குழிகள் மட்டும் அதிகம் நிறமேறும். 37 டிகிரி இன்குபேட்டரும், எல்லாப் பக்கமும் ஒரே சூடுள்ள அறையும்தான் வழி.

ரத்தத்தில் பார்க்கும் ரேபிட் கார்டு பத்து நிமிடத்தில் சொல்கிறதே, அது போதாதா?

சளியில் பார்க்கும் ஆன்டிஜென் கார்டு வேறு; இந்தக் கார்டிலும் தேடுவது ஆன்டிபாடியைத்தான். நாள் கணக்கு அங்கேயும் மாறாது. 2020 ஏப்ரலில் மாநிலங்களுக்கு அனுப்பிய கோவிட் ரேபிட் ஆன்டிபாடி கிட்டுகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் பெரிதும் மாறியதால், அவற்றில் இரண்டு நிறுவனங்களின் கிட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அந்த மாதமே நிறுத்தியது. கோவிட்டைக் கண்டறிய பிசிஆர்தான் முதன்மை என்பதும் அப்போதே உறுதியானது.

கார்டு செய்வதாக இருந்தால்: உறையைப் பிரித்ததும் செய்துவிட வேண்டும், மூடுபனி நாளில் வெளியே கிடந்தால் பட்டை ஈரம் இழுத்துக்கொள்ளும். கார்டும் ரத்தமும் 15 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். சீரம் 10 மைக்ரோலிட்டர் அல்லது விரல் ரத்தம் 20, பிறகு பஃபர் 2 அல்லது 3 சொட்டு; சரியான அளவு அந்தந்தக் கிட்டின் தாளில் இருக்கும். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் சி (கன்ட்ரோல்) கோடு வரவில்லை என்றால் மற்ற எந்தக் கோட்டையும் படிக்காதீர்கள். 15 நிமிடத்தில் படிக்க வேண்டியதை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, மெலிதாக ஒரு கோடு வந்திருக்கிறது என்று பாசிட்டிவ் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தோட்டத்தில் எல்லோருக்கும் கார்டு போட்டுப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுக்கலாமா?

வேண்டாம். 1,000 தொழிலாளர்களில் 20 பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாகவும், கார்டு 100 நோயாளிகளில் 90 பேரைப் பிடிப்பதாகவும், நோயற்ற 100 பேரில் 95 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுவதாகவும் வைப்போம். 20இல் 18 பேர் சிக்குவார்கள். மீதி 980 பேரில் 49 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். ஆக 67 பாசிட்டிவில் உண்மை 18தான். மற்ற 49 பேர் கூலியை இழந்து வீட்டில் உட்காருவார்கள். இதுவும் தாராளமான கணக்கு. முதல் வாரத்தில் 90 பேரை எந்த ஆன்டிபாடி கார்டும் பிடிக்காது. காய்ச்சல், இருமல் இருப்பவரைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்வது இதைவிடப் பலன் தரும்.

கோவிட் தடுப்பூசி போட்டிருக்கிறேன். ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தால் நோய் வந்ததாக அர்த்தமா?

எந்த ஊசி, எந்த ஆன்டிபாடி என்பதைப் பொறுத்தது. கோவிஷீல்டு வைரஸின் ஸ்பைக் புரதத்தை மட்டும் உடலுக்குக் காட்டும். அதைப் போட்டவருக்கு நியூக்ளியோகேப்சிட் (வைரஸின் உள்ளே இருக்கும் வேறொரு புரதம்) ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் உண்மைத் தொற்று வந்து போயிருக்கிறது. கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதைப் போட்டவருக்கு இரண்டு வகையும் ஏறலாம், பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைய நிலையில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றும் வந்துவிட்டது, ஊசியும் போட்டாயிற்று. இந்தப் பரிசோதனையால் தனிமனிதருக்குப் பயன் மிகக் குறைவு.

எண் அதிகமாக இருந்தால் இனி வராதா?

அப்படி உறுதி கிடையாது. ஃப்ளூவில் ஹெச்ஐ டைட்டர் 40 என்பதை, தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் அந்த வகை ஃப்ளூவுக்கு மட்டும். வைரஸ் உருமாறினால் கணக்கும் மாறும்.

கைக்குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. ஆர்எஸ்வி ஆன்டிபாடி பார்க்கலாமா?

குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி தாயிடமிருந்து வந்தது. அது ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்து, ஆறு மாதம் வரைகூட ரத்தத்தில் தெரியும். ஐஜிஎம் இந்த வயதில் சரியாக எழும்பாது. ஆக, ரத்தம் எடுத்து அழவைப்பதால் லாபம் இல்லை. மூக்குச் சளியில்தான் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்படியானால் ரத்த ஐஜிஎம் எதற்குத்தான் நன்றாக உதவும்?

மூச்சுக்காற்று வழியாகப் பரவும் நோய்களில் தட்டம்மைக்கு. காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, பிறகு முகத்திலிருந்து கீழிறங்கும் தடிப்பு என்று வந்தால் ஐஜிஎம் எலைசா நம்பகமான பரிசோதனை. தடிப்பு வந்த முதல் 3 நாளில் எடுத்தால் கணிசமானவர்களுக்கு நெகட்டிவ் வரும். 4ஆம் நாளிலிருந்து 28ஆம் நாள் வரை நல்ல காலம். அண்மையில் தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் இது பாசிட்டிவ் காட்டும், ஊசித் தேதியைச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தொண்டை வலி, கழுத்தில் நெறி, அசதி என்று இருக்கும் இளைஞர்களுக்கு ஈபிவி வைரஸ் ஐஜிஎம் உதவும்.

மலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ், செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. இது வைரஸ் அல்ல, சளியால் பரவுவதும் அல்ல. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் கடியால் வருவது. ஆனால் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று ஃப்ளூ போலவே தொடங்கி, கவனிக்காவிட்டால் நுரையீரலைத் தாக்கி மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். கொழுந்து பறிப்பவர், கேரட் தோட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர், விறகுக்குப் போனவர் யாருக்காவது காய்ச்சல் 5 நாளைத் தாண்டினால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் உடுப்பு இறுகும் இடம், மார்பின் கீழ், காதுக்குப் பின் எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்டது போல நடுவில் கறுத்த, வலிக்காத ஒரு பொருக்கு இருக்கலாம். வலிக்காததால் நோயாளிக்கே அது தெரிந்திருக்காது. 5 முதல் 7 நாள் கழித்து ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் எலைசா எடுத்தால் நன்றாகப் பிடிக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர் ரிப்போர்ட்டுக்கு முன்பே டாக்ஸிசைக்ளின் தொடங்குவார். உயிரைக் காப்பாற்றும் ஆன்டிபாடி பரிசோதனை என்று இந்த மலையில் ஒன்றைச் சொல்வதென்றால், எங்கள் கணிப்பில் அது இதுதான்.

சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு நோய் என்றா?

இல்லை. அது ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று வந்து போனது என்று அறியும் கணக்கெடுப்பு. ஆன்டிபாடி பரிசோதனைக்கு மிகப் பொருத்தமான வேலை அதுதான். தமிழ்நாட்டுக் கோவிட் கணக்கெடுப்பில் 2020 இறுதியில் சுமார் 32 சதவீதம், 2021 ஏப்ரலில் 29, அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் 66 என்று வந்தது. நடுவில் இறங்கியதற்கு ஒரு காரணம் ஆன்டிபாடி காலத்தோடு தேய்வது.

ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகுமாம். காத்திருக்கலாமா?

நோயாளி நன்றாகப் பேசி, நடந்து, சாப்பிடுகிறார் என்றால் காத்திருக்கலாம். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், குழப்பமாகப் பேசினால், இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினால் காத்திருக்கக் கூடாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைக்கும் முன் விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; நல்ல உடம்புக்காரருக்கே சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாக இருக்கலாம். ஆகவே வழக்கமாக அவருக்கு எவ்வளவு இருக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். 94க்குக் கீழே நின்றால் டாக்டரிடம் போங்கள், 90க்குக் கீழே என்றால் 108.

மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவைக்கு இறங்கவே நேரமாகும், அதையும் கணக்கில் வைத்துச் சற்று முன்னதாகவே கிளம்புங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, எடுத்த மாத்திரைகள், ரத்தம் கொடுத்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்து அனுப்புங்கள். கூட வருபவர் பதற்றத்தில் மறந்துவிடுவார், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.